ஆறு புள்ளி ஒன்பது

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. சாரல் அடிக்கிற பக்கம் உட்கார வேண்டாம், இப்படித் தள்ளி வாருங்கள். செல்போனை அணைக்கச் சொல்ல மாட்டேன். அதற்குள் ஆடுகிற ஆட்டத்தைப் பற்றிய கதைதான் இது. இதில் ராஜா கிடையாது, பேய் கிடையாது. மூன்று பேர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து ஓர் எண்ணைச் சொல்வார்கள். அவ்வளவுதான் நடக்கும். ஆனாலும் கடைசி வரைக்கும் நீங்கள் எழுந்து போக மாட்டீர்கள், அதற்கு நான் பொறுப்பு.

மரக்காணத்து உப்பளத்தில் சாலம்மாள் என்று ஒருத்தி. முப்பத்தெட்டு வயது. பாத்தி மிதிக்கப் போவாள், உப்பு வாரப் போவாள். அதோடு இன்னொரு வேலையும் அவளுக்கு உண்டு. வியாபாரி லாரியோடு வந்து நின்றால், குவித்து வைத்திருக்கிற உப்பு அம்பாரத்துக்குள் முழங்கை வரைக்கும் கையை விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து, விரலில் நெரித்துப் பார்ப்பாள். பிறகு, இது சமையலுக்கு ஆகும், இது கருவாட்டுக்கு ஆகும், இது தோல் கிடங்குக்கு ஆகும் என்று சொல்வாள். மேலே இருக்கிற உப்பைப் பார்த்து எதுவும் சொல்ல மாட்டாள். மேல் உப்பு பனியில் நனைந்திருக்கும், காற்றில் மண் பட்டிருக்கும், அதைப் பார்த்துச் சொன்னால் பாவம் என்பாள்.

அவளுடைய நாத்தனார் பூங்குழலி. புதுச்சேரியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவள். அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, இரண்டு வருஷம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு வீடியோ கேம் செய்தாள். பெயர் ‘மிதி’. அதில் ஒரு பெண் உப்பளத்துக்குப் போவாள். பாத்தியை மிதித்து மிதித்து இறுக்குவாள். உப்புத் தண்ணீர் விடுவாள். காய்கிற வரைக்கும் காத்திருப்பாள். பிறகு உப்பு வாருவாள். துப்பாக்கி இல்லை. யாரும் யாரையும் துரத்த மாட்டார்கள். அந்தப் பெண்ணின் நடைக்காகச் சாலம்மாளை மிதிக்கச் சொல்லி, எத்தனையோ தடவை வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள்.

“ஏன்டி, என் இடுப்பு இவ்ளோ பெருசாவா இருக்குது?” என்று முதல் தடவை பார்த்தபோது சாலம்மாள் கேட்டாள்.

“கொறைச்சிதான் வச்சிருக்கேன் அண்ணி,” என்றாள் நாத்தனார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். ‘மிதி’ அற்புதமான கேம் இல்லை. பலகையால் உப்பை இழுக்கிற சத்தம் வரும்போது நமக்கு உள்ளங்கால் கூசும், அவ்வளவு நன்றாக இருக்கும். நாலு மணி வெயிலும் அச்சு அசலாக இருக்கும். ஆனால் கடலில் அவ்வப்போது ஒரு மூலையில் ஒரு துண்டு காணாமல் போகும். வரப்புக்கு ஒரு முழம் மேலே ஒரு காக்கை அந்தரத்தில் நிற்கும், எதன்மேல் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. முதல் ஒரு மணி நேரம் மிதிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லை. சாலம்மாள் முழுசும் ஆடிப் பார்த்துவிட்டு, இரண்டாம் ரகம் என்றாள். பூங்குழலி கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வீட்டில் இரண்டாம் ரகம் என்பது வசவு இல்லை. கருவாட்டுக்கு அந்த உப்புதான் வேண்டும். எக்கியார்குப்பத்துப் பெண்கள் அதைத் தேடி வருவார்கள், வெள்ளை வெளேரென்று முதல் ரகத்தைக் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

சென்னையில் ஒரு கம்பெனி ‘மிதி’யைத் தன் கடையில் வைத்து விற்கச் சம்மதித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. தென்கடலோர மின்விளையாட்டுத் தீர்ப்பு மன்றம் அதற்குப் பத்துக்கு ஏழாவது கொடுத்திருக்க வேண்டும். ஏழு வந்தால் பூங்குழலி வீட்டிலிருந்தபடியே அடுத்த கேமைத் தொடங்குவாள். வராவிட்டால் ஜனவரி ஒன்றாம் தேதி பெங்களூரில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் போய் உட்கார வேண்டும். அந்த வேலைக்கான ஆர்டர் வந்து டிவி மேல் கிடந்தது. சாலம்மாளின் புருஷன் அய்யனார், அதாவது பூங்குழலியின் அண்ணன், நல்ல மனுஷன்தான். இரண்டு வருஷம் தங்கச்சியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜனவரி ஒன்றாம் தேதி கேட்பேன் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான்.

ஐப்பசி மழையில் உப்பளம் மூழ்கிக் கிடந்தபோது மன்றத்திலிருந்து கடிதம் வந்தது. படைப்பாளியோடு, விளையாட்டுகளைப் பற்றி ஏதும் அறியாத பொதுமக்கள் பிரதிநிதி ஒருவரும் வர வேண்டுமாம். ஏதும் அறியாதவர்தான் என்பதற்கு உறுதிமொழிக் கடிதம் இரண்டு நகல் வேண்டுமாம். உப்பளத்தில் வேலை இல்லாததால் சாலம்மாள் வருகிறேன் என்றாள்.

“ஒண்ணும் தெரியாதுன்னு எழுதிக் குடுக்க ரெண்டு காப்பியா?” என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டே கேட்டாள். “உங்கண்ணனக் கட்டிக்கிட்ட அன்னிக்கே போட்ட கையெழுத்துதான் இது.”

மன்றம் இருந்தது பெரிய முதலியார்சாவடியில், ஒரு மெத்தைக் கடைக்கு மேல் மாடியில். வாசலில் ‘நடுநிலையே எங்கள் நிலை’ என்று பலகை. உள்ளே நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவர் அறிவழகன். அவருக்கு வலது பக்கம் வேல்முருகன், நிறைப் பிரிவுப் பொறுப்பாளர். இடது பக்கம் பூஜா, குறைப் பிரிவுப் பொறுப்பாளர். நிறைப் பிரிவுக்காரர் குறையைப் பார்க்கக் கூடாது, குறைப் பிரிவுக்காரர் நிறையைப் பார்க்கக் கூடாது. அது விதி. ஆகையால் திரையில் ஏதாவது கோணலாக வந்தால் வேல்முருகன் மரியாதையாக மின்விசிறியைப் பார்ப்பார். நல்ல இசை வந்துவிடுமோ என்று பூஜா காதில் பஞ்சு வைத்திருந்தாள்.

பூங்குழலியைச் சுவரைப் பார்த்துப் போட்டிருந்த ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். படைப்பாளி பேசக் கூடாது, முகத்தையும் காட்டக் கூடாது. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் புள்ளி கூடும் என்று தலைவர் விளக்கினார். பிறகு எல்லாருக்கும் டீ வந்தது. வேல்முருகன் குடித்துவிட்டுச் சூடு நன்றாக இருக்கிறது என்றார். பூஜா சர்க்கரை போதாது என்றாள். தலைவர் ஆறரை என்றார். டீ கொண்டுவந்தவர் அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு கீழே போனார்.

‘மிதி’க்கு முந்தைய வழக்கு ஒரு லாரிப் பந்தய கேம். அதன் கோப்பை மூடுவதில் கொஞ்சம் சிக்கல். ஒரு கேமுக்கு எத்தனை நிறையோ அத்தனை குறை இருக்க வேண்டும், தராசு சாயக் கூடாது. இந்த லாரி கேமுக்கு ஆறு நிறையும் ஏழு குறையும் வந்துவிட்டன. ஒரு குறை மிச்சம். அதைத் தூக்கி எறிவதற்கும் விதியில் இடமில்லை. ஆகவே ‘ஸ்டியரிங் திருப்புவதற்கு முரடாக இருக்கிறது’ என்ற அந்தக் குறையை அடுத்த கோப்புக்கு மாற்றி, மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த கோப்பு ‘மிதி’.

சாலம்மாள் எழுந்து நின்றாள். “அய்யா, எங்க கேம்ல வண்டியே இல்லீங்களே.”

“வண்டியே இல்லாத கேம்ல ஸ்டியரிங் எப்படிம்மா நல்லா இருக்கும்?” என்றார் தலைவர். அவர் குரலில் கோபமே இல்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் போலக் கேட்டார். சாலம்மாள் உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு கேமை ஓடவிட்டார்கள். மன்றத்தில் எந்த கேமையும் நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆடுவதில்லை. பூஜா மிதித்தாள், வேல்முருகன் மிதித்தார், மறுபடி பூஜா மிதித்தாள். நாற்பது நிமிஷமும் மிதிதான். மணி அடித்ததும் இரண்டு பேரும் தனித்தனியாகத் திரும்பி உட்கார்ந்து எழுதினார்கள். பூஜா, மெதுவாகப் போகிறது, எங்கே பார்த்தாலும் உப்பு, நிழல் இல்லை என்று எழுதினாள். வேல்முருகன், அவசரப்படுத்தவில்லை, உப்புக்குப் பஞ்சமில்லை, நல்ல வெளிச்சம் என்று எழுதினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தலைவர் மிகவும் திருப்தியடைந்தார். ஸ்டியரிங்குக்குச் சமமாக ஒரு நிறை குறைந்தது. கேமின் பெயர் சின்னதாக இருக்கிறது என்று போட்டு அதையும் நிரப்பினார்கள்.

இனி எண் தொங்கவிட வேண்டியதுதான் பாக்கி. எண்கள் பிளாஸ்டிக் தகடுகளில் இருந்தன. சுவரில் ஒரு ஆணி. சாலம்மாள் எட்டிப் பார்த்தபோது ஆறும் ஏழும் மட்டும் மேசைமேல் இருந்தன, அவற்றோடு புள்ளிக்குப் பின்னால் போடுகிற சின்னத் தகடுகள். மற்றது எங்கே என்று கேட்டாள். இப்படி யாராவது கேட்பார்களா என்று பல வருஷம் காத்திருந்தவர் போலத் தலைவர் எழுந்து நின்று பேசத் தொடங்கினார்.

ஒன்றிலிருந்து ஐந்து வரைக்கும் அந்த இரும்பு பீரோவில் இருக்கிறது, சாவி முன்னாள் தலைவரோடு சிங்கப்பூர் போய்விட்டது, பதினோரு வருஷமாக அதற்குத் தேவை ஏற்படவில்லை என்றார். எட்டும் அதற்கு மேல் உள்ளவையும் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. வெளிநாட்டில் ஏற்கெனவே ஒன்பது கொடுத்துவிட்ட கேம் வந்தால், ஆராய்ந்து பார்த்து, சுதந்திரமாக, ஒன்பது கொடுப்போம் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“பாருங்கம்மா. எட்டு குடுத்தா ஏன் குடுத்தேன்னு கேக்கறாங்க. அஞ்சு குடுத்தா செஞ்சவங்க அழறாங்க, லெட்டர் போடறாங்க. ஆறரை குடுத்தா ஒருத்தரும் ஒண்ணும் கேக்கறதில்ல. பதினோரு வருஷத்துல எங்க தீர்ப்பு ஒண்ணு கூட தப்புன்னு யாரும் நிரூபிச்சதில்ல. அதான் இந்த மன்றத்தோட சாதனை.”

வேல்முருகன் கை தட்டினார். பூஜா காதில் பஞ்சு இருந்ததால் தட்டவில்லை.

தகட்டைத் தொங்கவிடும் முன், பொதுமக்கள் பிரதிநிதிக்கு ஏதாவது கோரிக்கை உண்டா என்று ஒரு தடவை கேட்க வேண்டும். அதுவும் விதி. இதுவரை வந்த பிரதிநிதிகள் எல்லாரும் பாத்ரூம் எங்கே இருக்கிறது என்றுதான் கேட்டிருக்கிறார்கள். தலைவர் இடது கையால் மாடிப்படிப் பக்கம் காட்டிக்கொண்டே கேட்டார்.

சாலம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற நாத்தனாரின் முதுகைப் பார்த்தாள். பின்னல் அவிழ்ந்து கிடந்தது. இரண்டு வருஷமாக அந்த முதுகை முன்னறையில் இப்படித்தான் பார்த்திருக்கிறாள். அப்போது எதிரே ஒரு திரையாவது இருந்தது.

“நடுவுல கைய விட்டு எடுத்துப் பாருங்கய்யா,” என்றாள். “மேலாக்கப் பாத்து சொல்லாதீங்க.”

அவள் விளக்கினாள். அம்பாரத்தில் மேல் உப்பைப் பார்த்து உப்பளத்தில் யாரும் விலை சொல்வதில்லை என்றும், இந்த கேமிலும் மிதி முடிந்த பிறகுதான் உப்பு வரும் என்றும், உப்பைப் பார்க்காமலே உப்பு எப்படி என்று சொல்லப் போகிறீர்களே என்றும் சொன்னாள். பூஜா விதிப் புத்தகத்தைப் புரட்டினாள். நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆடலாம் என்று அதில் இல்லை. ஆடக் கூடாது என்றும் இல்லை. யாருக்கும் அப்படியொரு யோசனை வந்ததில்லை. கடைசியில், கோரிக்கையை மறுத்தால் ஏன் மறுத்தோம் என்று எழுத வேண்டிவரும் என்று கண்டுபிடித்துத் தலைவரே கன்ட்ரோலரைக் கையில் எடுத்தார். ஆறு வருஷமாக அவர் அதைத் தொட்டதில்லை. தலைகீழாகப் பிடித்திருந்தார். படைப்பாளி பேசக் கூடாது என்பதால் சாலம்மாள்தான் போய்த் திருப்பி வைத்தாள்.

மிதி முடிந்தது. தண்ணீர் விட்டாயிற்று. அந்தப் பெண் வரப்பில் உட்கார்ந்தாள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. திரையில் நாலு மணி வெயில். தலைவர் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தார்.

“அடுத்து என்னம்மா?”

“ஒண்ணும் இல்லீங்க. காயணும்.”

“சீக்கிரம் காயறதுக்கு எந்த பட்டன்?”

“வெயிலுக்கு ஏதுங்கய்யா பட்டன்?”

தலைவர் கன்ட்ரோலரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் போயிற்று. பாத்தியின் ஓரத்தில் நூல் பிடித்தாற்போல வெள்ளை கட்டியது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பத்து நிமிஷம் போயிற்று. அந்தரத்துக் காக்கை வந்தது. பூஜா பேனாவை எடுத்தாள், வேல்முருகன் மின்விசிறியைப் பார்த்தார். தலைவர் காக்கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பறக்கவும் இல்லை உட்காரவும் இல்லை, நடுநிலையான காக்கை என்றார். பூஜா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். இருபது நிமிஷத்தில் பாத்தி முழுசும் பூத்து நின்றது. அந்தப் பெண் எழுந்து, பலகையை வைத்து, முதல் இழுப்பு இழுத்தாள். அந்தச் சத்தம் வந்தது.

“நல்லா இருக்கு,” என்றார் தலைவர்.

வேல்முருகன் எழுதத் தொடங்கி நிறுத்தினார். மன்றத்தில் இந்த வார்த்தைக்குப் பின்னால் ஓர் ‘ஆனால்’ வந்தாக வேண்டும். வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். பூஜா காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள். மூன்று நிமிஷம் ஆயிற்று. கீழே மெத்தைக் கடையில் யாரோ பஞ்சு அடிக்கிற சத்தம் கேட்டது.

“ஆனா, சார்?” என்று பூஜா மெதுவாக எடுத்துக் கொடுத்தாள்.

“ஆனா ஒண்ணும் இல்லம்மா,” என்றார் அவர், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

உடனே கேமை நிறுத்தினார்கள். அவசர இடைவேளை பதினைந்து நிமிஷம் அறிவித்தார்கள். தலைவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போய்த் தண்ணீர் கொடுத்து, பழைய தீர்ப்புகளைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்கள். திரும்பி வந்தபோது அவர் சரியாகியிருந்தார். வெளிநாட்டில் புள்ளி வாங்காத ஒரு கேமுக்கு, மன்ற வரலாற்றிலேயே முதல் முறையாக ஆறரையைத் தாண்டப் போகிறோம் என்று அறிவித்தார். ஏழுக்கு மூன்று பக்கம் விளக்கம் எழுத வேண்டும், ஆறு புள்ளி ஒன்பதுக்கு வேண்டாம். ஆகையால் மன்றத்தின் மனமார்ந்த பாராட்டு ஆறு புள்ளி ஒன்பது என்றார். தகடு தொங்கியது.

பூங்குழலியின் முதுகு அசையவில்லை. அவளால் தகட்டைப் பார்க்க முடியாது. காதில் விழுந்திருக்கும்.

சாலம்மாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினவள், நின்றாள். “எதுக்கு ஆகும்னு சொல்லவே இல்லீங்களே.”

அவர்களுக்குப் புரியவில்லை. சமையலுக்கு ஒரு உப்பு, கருவாட்டுக்கு ஒரு உப்பு, தோலுக்கு ஒரு உப்பு என்று அவள் சொன்னாள். இந்த ஆறு புள்ளி ஒன்பதை வீட்டுக்குக் கொண்டுபோய் யாரிடம் கொடுப்பது என்று கேட்டாள். எவ்வளவு என்பது மட்டும்தான் மன்றத்தின் வேலை, எதற்கு என்பது வேறு துறை என்றார் தலைவர். எந்தத் துறை என்று வேல்முருகனைக் கேட்டார். வேல்முருகன் பூஜாவைக் கேட்டார். கடைசியில் தீர்ப்புத் தாளின் அடியில் ‘பொதுமக்கள் கருத்து’ என்று ஒரு கட்டம் இருப்பதைப் பூஜா காட்டினாள். அதில் ‘இல்லை’ என்று அச்சடித்தே வந்திருந்தது. சாலம்மாள் அதை அடித்துவிட்டு, பேனாவை வாங்கி எழுதினாள்:

‘உட்கார்ந்தே வேலை பார்க்கிறவங்க, யாருக்காவது காத்துக்கிட்டு இருக்கிறவங்க ஆடலாம். அவசரக்காரங்களுக்கு ஆகாது. காக்கா அந்தரத்துல நிக்கும், அது பாட்டுக்கு நிக்கட்டும்.’

பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரும் ஒரே குடைக்குள் நின்றார்கள். “இப்ப பேசலாமா அண்ணி?” என்றாள் பூங்குழலி. பேசு என்றாள் சாலம்மாள். பெங்களூரில் குளிருமாம், ஒரு ஸ்வெட்டர் வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள் பூங்குழலி. சாலம்மாள் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அவள் கையில் வைத்தாள்.

சென்னைக் கம்பெனி மறுநாளே பதில் எழுதிவிட்டது. ஆறு புள்ளி ஒன்பது ஏழு அல்ல என்று எழுதியிருந்தது. அது சரிதானே, நாம் குறை சொல்ல முடியாது.

ஊருக்குப் போகப் போகிறவள் வீட்டைப் பெருக்கிவிட்டுப் போவது போல, பூங்குழலி கிளம்பும் முன் ‘மிதி’யை இணையத்தில் தானே விற்பனைக்கு வைத்தாள். விளம்பரம் எழுத மனசில்லை. எண்ணையும் போடவில்லை. அண்ணி எழுதின வரிகளை மட்டும் அப்படியே போட்டாள்.

முதல் வாரம் பதினோரு பேர் வாங்கினார்கள். அதில் ஒருவர் திண்டிவனத்தில் ஏடிஎம் வாசலில் பகல் முழுக்க உட்கார்ந்திருக்கிற காவலாளி. தன்னைப் போன்றவர்கள் சங்கத்தில் சொன்னார் போலிருக்கிறது. ஒருத்தி, வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்துகொள்ள ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் ஊசியோடு படுத்திருக்கிறவள். பாத்தி பாத்தியாக உப்பு காய்வதைப் பார்ப்பதற்குள் தன் நேரமும் போய்விடுகிறது என்று எழுதினாள். துறைமுகத்து வரிசையில் நிற்கிற லாரி டிரைவர்கள் வாங்கினார்கள். அவர்களில் ஒருவர்கூட ஸ்டியரிங் பற்றிக் கேட்கவில்லை. ஊரே வாங்கியது என்று சொல்ல மாட்டேன். கருவாட்டு உப்பை ஊரேவா வாங்குகிறது? வேண்டியவர்கள் தேடி வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள்.

டிசம்பர் கடைசியில் அய்யனார் டிவி மேலிருந்த ஆர்டரை எடுத்தான். தூசி தட்டினான். படித்துப் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே வைத்தான். “கேக்கற தேதிய அடுத்த வருஷம் வச்சிக்கலாம்,” என்றான். பூங்குழலி பெங்களூர் போகவில்லை, ஆனாலும் ஸ்வெட்டர் வாங்கி வைத்தது வீணாகவில்லை. சாலம்மாள் மார்கழிப் பனியில் உப்பளத்துக்குப் போட்டுக்கொண்டு போனாள்.

மன்றமும் சும்மா இருக்கவில்லை. ‘எதற்கு ஆகும்’ என்ற புதிய பிரிவு ஒன்றைத் தொடங்கி, அதற்கும் பத்துக்குப் புள்ளி போட ஆரம்பித்தது. எல்லா கேமும் எதற்கு ஆகும் என்பதில் ஆறரை வாங்கின. பொங்கலுக்கு முந்தி சாலம்மாள் பெயருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. பொதுமக்கள் பிரதிநிதியாக அவள் எப்படி நடந்துகொண்டாள் என்பதற்கான தீர்ப்பு. நிறை: நேரத்துக்கு வந்தார். குறை: ஸ்டியரிங் திருப்புவதற்கு முரடாக இருக்கிறது. மொத்தம் ஆறு புள்ளி எட்டு. அவள் அதை அய்யனாரிடம் படித்துக் காட்டினாள். அந்தக் குறை சரிதான் என்றான் அவன். அன்றைக்கு அவனுக்குக் குழம்பில் உப்பு இல்லை.

இன்னொன்று சொல்லி முடித்துவிடுகிறேன். ‘மிதி’யை வாங்கினவர்களில் பெரிய முதலியார்சாவடியிலிருந்து ஒருவர் இருந்தார். பெயர் போடவில்லை. தினமும் மத்தியானம் இரண்டு மணியிலிருந்து நாலு மணி வரைக்கும் ஆடுவார், அதுவும் காய்கிற இடத்தை மட்டும். மாசி மாசம் அவரிடமிருந்து ஒரு கருத்து வந்தது. பூங்குழலி திரையைத் திருப்பி அண்ணிக்குக் காட்டினாள். ‘நல்லா இருக்கு’ என்று இருந்தது. சாலம்மாள் இன்னும் கீழே ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

மழை விட்டுவிட்டது, கண்ணுகளா, கிளம்புங்கள். உங்கள் வீட்டு உப்பு ஜாடி என்றைக்கும் நிறைந்திருக்கட்டும். உங்கள் பிள்ளைகளை எடைபோட வருகிறவர்கள் முழங்கை வரைக்கும் கையை விட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். அவரவர் எதற்கு ஆவார்களோ அதைத் தேடி வருகிறவர்கள் உங்கள் வாசலுக்கு வழி தெரிந்து வரட்டும். உங்கள் கூரைக்கு வருகிற காக்கை காலை ஊன்றி உட்கார்ந்து, ஒரு வாய் சோறு தின்றுவிட்டுப் போகட்டும்.